நான் அழித்துக் கொடுத்த நாலாவது வால்யூம்

1999ஆம் ஆண்டு, ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த சமயம். ஹட்டனுக்கும் வட்டவளைக்கும் இடையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தோட்டத்தின் பெயரும் எங்கள் யாருடைய பெயரும் இங்கே வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும். அதைச் சொல்வதற்கே இத்தனை வருஷம் எடுத்துவிட்டது.

அப்பாவுக்கு ஹட்டன் கடைத்தெருவில் சாமான் கடை. லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து வருகிற தொழிலாளர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. அவர்கள் வாங்கும் அரிசியிலும் கருவாட்டிலும்தான் நான் வளர்ந்தேன், படித்தேன். ஆனால் ஒரு லயத்துக் காம்பராவின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அந்த வயதுவரை எட்டிப் பார்த்ததில்லை. கண்டியில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்து வந்தவள் என்பதால் நடையே கொஞ்சம் மாறியிருந்தது. அம்மா அதைத் தலைக்கனம் என்பாள். நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுற்றியுள்ள ஆறு தோட்டங்களின் விபரமும் எங்கள் ஆபீசில்தான் இருந்தது. பின்னறையில் ஒரு சர்வர், அதன் பக்கத்தில் ஐந்து டிஸ்க்குகள் செருகிய ஓர் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்த இடத்தை நாலு பகுதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் வால்யூம் என்போம். ஓர் அலமாரியில் நாலு தட்டு இருக்கிறதென்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் வேலையில் இருப்பவர்களின் விபரம். இரண்டாவதில் தினசரி கொழுந்து நிறை. மூன்றாவதில் கடிதங்கள். நாலாவதில் 'பேர் வெட்டியவர்கள்'.

தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பேர் பதிவது என்பார்கள். வயதாகி நின்றாலும், வேறு ஊருக்குப் போனாலும், செத்தாலும் பேரை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பேர்கள் எல்லாம் நாலாவது வால்யூமுக்குப் போகும். எனக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி செய்யவில்லை.

அந்த வருஷம் நிர்வாகம் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. சர்வரும் பெட்டியும் வாடகைச் சாமான், திருப்பிக் கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு கடிதமும், அழிக்கும் புரோகிராம் வைத்த ஒரு பிளாப்பி டிஸ்க்கும் வந்தன. வேலையில் இருப்பவர்களின் விபரத்தை மட்டும் புது மெஷினுக்கு மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் யாராலும் மீட்க முடியாதபடி அழித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பெரிய கிளாக்கர் லீவில் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷமாக அந்தத் தோட்டத்திலேயே இருந்தவர். கொழும்பில் தங்கை மகளுக்குக் கல்யாணம். கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, மற்றதுகளைச் செய்யும். உந்த நாலாவதிலை மட்டும் இப்ப கை வைக்காதையும். வெள்ளிக்கிழமை நான் வந்தாப்போலை பாத்துச் செய்வம்" என்றார். தான் தங்கும் வீட்டு டெலிபோன் நம்பரை ஒரு துண்டில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கிழவருக்கு எல்லாவற்றிலும் ஆமை வேகம் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். இரண்டு நாளில் கொழும்பிலிருந்து போன் வந்தது. மற்ற பிராந்தியங்கள் எல்லாம் முடித்துவிட்டன, நீங்கள்தான் பாக்கி என்றார்கள். அந்த 'பாக்கி' என்னைச் சுட்டுவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே நாலையும் சேர்த்து அழிக்க உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா டிலீட் செய்தால் தலைப்பு மட்டும்தான் மறையும், விபரம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், தெரிந்தவன் தோண்டி எடுத்துவிடுவான். அதனால் அதன் மேலேயே எழுத வேண்டும். முதல் தடவை முழுக்கப் பூச்சியம். இரண்டாவது தடவை முழுக்க ஒன்று. மூன்றாவது தடவை கண்டபடி எண்கள். பிறகு அங்கங்கே படித்துப் பார்த்து, பழையது ஒரு எழுத்துக்கூட இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி வைக்கச் சொன்னேன். அவ்வளவு கவனம்! அது ஓடிக்கொண்டிருந்தபோது பேக்கப் டேப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த நாடாவைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். ஜன்னலுக்கு வெளியே பீலிக் கரையில் ஐந்தாறு வயசாளிகள் மழையோடு மழையாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பேர் வெட்டப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் நறுக்கினேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியில் நிரப்ப ஒரு படிவம் இருந்தது. ஆங்கிலத்தில்தான். நாலாவது வால்யூமுக்கு நேரே, 'இதிலுள்ள விபரம் இனி யாருக்கும் தேவையில்லை என உறுதிப்படுத்துகிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி. பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதைக் கொழும்புக்கு பேக்ஸ் செய்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு நானே ஒரு கேக் வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வயசாளி வந்தார். மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார். தொழிலாளர்கள் ஆபீசுக்குள் வரமாட்டார்கள். வெளியே நின்றுதான் பேசுவார்கள், அது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். பேக்டரியில் தேயிலை காய வைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு போட்டவர் என்றும், போன வருஷம் பேர் வெட்டினார்கள் என்றும் அவரே சொன்னார்.

"மிஸ், ஒரு கடுதாசி வேணும். என் மக கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நிக்குது. ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போயிட்டு வர்றப்ப பொலிசு புடிச்சிருச்சாம். ஐடென்டி இல்ல. இந்தத் தோட்டத்துல பொறந்த புள்ளதான்னு புத்தகத்தப் பாத்து தொர கையெழுத்து வச்சா விட்டுருவாங்களாம். வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கணுமாம்."

தொர என்றால் தோட்டத்து மேனேஜர். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை பிடிபட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். லயத்திலேயே பிறந்த பிள்ளை. அன்றைக்கே ஆபீசில் வந்து சொல்லிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆபீசிலிருந்து பதிவாளருக்குப் போகவேண்டிய பேப்பர் போகவே இல்லை. "புத்தகத்துல இருக்குதானேன்னு இருந்துட்டோம் மிஸ்" என்றார்.

முதல் வால்யூமிலிருந்து மாற்றிய விபரத்தைத் தேடினேன். பெண்ணின் பெயர் இல்லை. இல்லையே என்றேன்.

"அதுல இருக்காது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். அப்பன் பேர வெட்டுனா அந்தப் பக்கமே பேர் வெட்டுன புத்தகத்துக்குப் போயிரும். பெஞ்சாதி, புள்ள, பொறந்த தேதி எல்லாம் அதோடயே போயிரும். வெட்டுன பேருல பாருங்க. நூத்திப் பதினேழாம் பக்கம்."

செத்தவர்களும் போனவர்களும் மட்டும் இருக்கிற தட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்! அந்த ஆறு தோட்டங்களிலும் வேலையில் நின்றுபோன ஒவ்வொரு அப்பனோடும், உயிரோடு இருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த நாலாவது வால்யூமில்தான் இருந்திருக்கிறார்கள்.

"பழைய புத்தகம் எங்கே?" என்றேன்.

"எரிச்சாச்சே மிஸ். பூச்சி அரிச்சு நாறிப்போச்சுன்னு பழைய தொர எரிக்கச் சொன்னாரு. பேர் வெட்டுன பொறகும் கைவேலைக்கு கூப்புடுவாங்க, நான்தான் அடுப்புல போட்டேன். எல்லாம் பெட்டிக்குள்ள ஏத்தியாச்சு, பயப்படாதன்னாங்க. போடுறதுக்கு முந்தி எங்க பக்கத்த ஒருக்கா எடுத்துப் பாத்தேன். எழுத்து தெரியாது எனக்கு. என் கைநாட்டு தெரியும். பக்கத்துல நின்ன பையன்தான் நூத்திப் பதினேழுன்னு வாசிச்சான்."

"அதைக் கிழிச்சு வச்சிருக்கலாமே?"

"ஆபீசுப் புத்தகமாச்சே மிஸ். கிழிக்கலாமா?"

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'ஐயா, அழித்துவிட்டேன், இனிக் கிடைக்காது, வேறு வழி பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால் அவருக்கு இன்னும் மூன்று முழு நாள் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் கொஞ்சம் பழுது. நாளைக்கு வாங்க."

அவர் போனதும் கொழும்புக் கம்பெனியின் கம்ப்யூட்டர் என்ஜினியருக்குப் போன் எடுத்தேன். நல்ல மனுஷன், சிங்களத்திலும் இங்கிலீஷிலும் கலந்து பேசுவார். மூன்று தடவையும் ஓட்டினீர்களா, சரிபார்த்தீர்களா, டேப்பையும் வெட்டினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அப்படியென்றால் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தார். இத்தனை பிராந்தியத்திலும் நீங்கள் செய்ததுதான் சுத்தமான வேலை என்று பாராட்டவும் செய்தார். போனை வைத்துவிட்டு பின்னறைக்குப் போய் அழுதேன். அந்த வயசாளியின் மகளுக்காக அழுதேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் வேலை போய்விடுமே என்றுதான் அன்றைக்கு அழுதேன்.

புதன்கிழமை அந்த வயசாளி மறுபடி வந்தார். வியாழக்கிழமையும் வந்தார். மழையில் நின்றவரைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டேன். உட்காரவே மாட்டேன் என்றார். வற்புறுத்தி உட்கார வைத்து என் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். "ஒங்களுக்குப் பெரிய கரைச்சல் குடுக்குறேன் மிஸ்" என்றார். "இல்லீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத திரையில் வெறுமனே எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த டெலிபோன் நம்பர் இருந்தது. பெரிய கிளாக்கரிடம் ஏச்சு வாங்கப் பயந்து அதை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெரிய கிளாக்கர் வந்து இறங்கினார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. கல்யாண வீட்டுப் பலகாரப் பொட்டலத்தை எனக்கென்று கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்தார்.

"நான் கொழும்பிலைதானே நிண்டனான், பிள்ளை. அந்த ஸ்டேஷன் நான் நிண்ட வீட்டிலையிருந்து நடந்து போற தூரம். இருபது வருஷமா அந்தக் குடும்பத்தைத் தெரியும் எண்டு நேரை போய்ச் சொல்லியிருப்பன். ஒரு போன் எடுத்திருக்கலாமே?"

அன்றைக்கே துரையிடம் போனார். புதுத் துரை வந்து மூன்று மாதம்தான். புத்தகத்தைப் பார்க்காமல் எப்படிக் கையெழுத்து வைப்பது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கிராம சேவகரிடம் போனார்கள். குடியுரிமை கிடைக்காத அந்தக் குடும்பத்தின் பெயரே வாக்காளர் பட்டியலில் இல்லை என்றார். கடைசியில் பெரிய கிளாக்கர் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு, அந்த மனுஷனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ரயில் ஏறினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமே தடுத்து வைக்கும் உத்தரவில் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டேஷனில் இருந்தவரை ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும். சிறைக்குப் போன பிறகு வக்கீல், கோர்ட், தவணை என்று ஆகிவிட்டது.

பிரசவம் பார்த்த மருத்துவிச்சி ராகலையில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பெரிய கிளாக்கர் அங்கேயும் போய்ச் சத்தியக் கடதாசி வாங்கினார். நான் எல்லாக் கடிதங்களையும் டைப் செய்து கொடுத்தேன். விடுமுறை நாளிலும் வந்து செய்தேன். வக்கீல் வீட்டுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் அலைந்தேன். ஆனால் பிள்ளையின் தகப்பனிடம் மட்டும் 'மெஷின் பழுதாகி எல்லாம் போய்விட்டது' என்றே சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் பெரிய கிளாக்கர் என்னிடம் சொன்னார்: "உண்மையைச் சொல்லுறது உம்மடை வேலை. நான் காட்டிக் குடுக்கவும் மாட்டன், உமக்காகப் பொய் சொல்லவும் மாட்டன்." சரி என்று தலையாட்டினேன். அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டேன்.

அந்த அடுத்த முறை வரவில்லை. மகள் பிடிபட்ட பத்தாவது மாதம் அந்தத் தகப்பன் நெஞ்சு சளியில் இறந்துபோனார். சாவுக்குப் போனபோதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லயத்துக் காம்பராவுக்குள் காலை வைத்தேன். நாலு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாத அளவுதான் அது. சுவரில் ஓர் ஆணியில் பிளாஸ்டிக் பை தொங்கியது. அதற்குள் நான் டைப் செய்து கொடுத்த கடிதங்களின் நகல்கள் ஒன்றுகூடக் கசங்காமல் இருந்தன. மகளைச் சாவுக்கு வர விடவில்லை. அவள் வெளியே வர இன்னும் நாலு மாதம் ஆயிற்று. நான் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து, குடியுரிமைப் படிவம் நிரப்புவதற்காக ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். சிங்களமும் எழுதத் தெரியும் என்பதால் உதவிக்குப் போயிருந்தேன். பின்னேரம் ஒரு பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், முன்தலை நரைத்திருந்தது. தகப்பன் பேர் கேட்டேன். சொன்னாள். என் பேனா நின்றுவிட்டது.

"நீங்க முந்தி எங்க தோட்டத்து ஆபீசுல இருந்தீங்களா மிஸ்? ஹட்டன் கடக்காரர் மகதானே?"

ஆமாம் என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைக் கறை ஏறிய, சொரசொரப்பான கை.

"அப்பா என்னய பாக்க வர்றப்பல்லாம் ஒங்களத்தான் சொல்லுவாரு. ஆபீசுல ஒரு டவுன் புள்ள இருக்கு, நாக்காலி போட்டு உக்கார வச்சு தேத்தண்ணி குடுக்குது, ஒனக்காக ஓயாம அலையுது, நீ வெளிய வந்தா மொத வேலையா அந்தப் புள்ளயப் போயிப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் வந்தப்ப நீங்க இல்ல."

சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூட மேசைதான் இருந்தது. 'அந்த நாற்காலியைப் போட்டவள்தான் உன் பக்கத்தை அழித்தவள்' என்று ஒரு வாக்கியம். வாய் திறந்தது. "பொறந்த தேதி சொல்லுங்க" என்ற வார்த்தைதான் வந்தது. சொன்னாள். படிவத்தில் அழுத்தி எழுதினேன். "நல்லா எழுதிட்டீங்களா மிஸ்? அழியாதில்ல?" என்று கேட்டாள். அழியாது என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஆள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

என்னை அவ்வளவு வெறுத்த நாள் வேறு இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றியைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. திருப்பிக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. இதை எழுதுவதுகூடப் பெயர் சொல்லாமல்தானே எழுதுகிறேன்? கோழைத்தனம் அவ்வளவு சீக்கிரம் போகாது போலிருக்கிறது.

இப்போதும் கம்ப்யூட்டர் வேலைதான் சோறு போடுகிறது. பழைய விபரம் எதையாவது அழிக்கச் சொன்னால், இதில் யார் யார் பேர் இருக்கிறது, அவர்களில் ஒருவரிடமாவது கேட்டீர்களா என்று நச்சரிப்பேன். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அன்றைக்கு நான் கேட்க வேண்டியவர்கள் ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். கேட்காமல், 'இனி யாருக்கும் தேவையில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டேனே, அந்த 'யாருக்கும்' என்பதில் நூற்றுப் பதினேழாம் பக்கத்துப் பிள்ளையும் இருந்தாள்.